டேலி கணக்கை எக்செல்லில் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேலி என்ற கணக்கு மென்பொருளிலிருந்து கொள்முதல் பதிவேட்டை எக்செல்லில் இறக்கி, வி-லுக்அப் (ஒன்றைப் பட்டியலில் தேடி, அதே வரிசையில் உள்ள தொகையை எடுத்துவரும் ஃபார்முலா) போட்டு, ஜிஎஸ்டிஆர்-2பி-யோடு (சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியல்) ஒப்பிடுவது மாதாமாதம் நடக்கும் வேலை. ஃபார்முலா பிழை காட்டினால் கெடுதல் இல்லை, உடனே கண்ணில் படும். தப்பான தொகையைச் சத்தமில்லாமல் கொண்டுவந்து வைப்பதுதான் ஆபத்து.

வி-லுக்அப்பின் நான்காவது பகுதியை எழுதாமல் விட்டால், எக்செல் தோராயமாகப் பொருத்தும். பட்டியல் ஏறுவரிசையில் இல்லையென்றால் வேறொரு பார்ட்டியின் தொகை வந்து உட்காரும். கடைசியில் 0 போடத் தவறாதீர்கள்.

பில் எண்ணை மட்டும் வைத்துத் தேடுவது அடுத்த தவறு. 45-ம் எண் பில் பத்து சப்ளையரிடம் இருக்கலாம். வி-லுக்அப் முதலில் கிடைப்பதை எடுத்துக்கொண்டு நின்றுவிடும். இரண்டு ஷீட்டிலும் இடது ஓரத்தில் புதிய காலம் (நெடுவரிசை) ஒன்றைச் சேர்த்து, 15 எழுத்து ஜிஎஸ்டி எண், நடுவே ஒரு செங்குத்துக் கோடு, பிறகு பில் எண் என்று '&' குறியால் இணையுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரு ஷீட்டில் 45 எண்ணாகவும் மற்றதில் டெக்ஸ்டாகவும் இருந்தால் வி-லுக்அப் பொருத்தாது; இணைத்தபின் இரண்டுமே டெக்ஸ்ட். ஒரே பில் ஜிஎஸ்டி விகிதவாரியாகப் பிரிந்து இரண்டு வரிசைகளில் இருந்தால் லுக்அப் வேண்டாம், பொருந்தும் எல்லாத் தொகையையும் கூட்டித் தரும் சம்இஃப்ஸ் போடுங்கள்.

சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் டெக்ஸ்ட் கோப்பு) டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். 0045 வெறும் 45 ஆகும், 3-12 தேதியாக மாறும். டேட்டா மெனு வழியாக இறக்கி, பில் எண் காலத்தை டெக்ஸ்ட் என்று குறியுங்கள்.

பலர் கவனிக்காதது டெபிட், கிரெடிட். டேலி தரும் ஷீட்டில் தொகைக்குப் பக்கத்தில் தெரியும் 'டிஆர்', 'சிஆர்' பல நேரம் அந்த செல்லின் எண் வடிவமைப்பில் மட்டுமே இருக்கும். செல்லுக்குள் இருப்பது வெறும் 5,000. லுக்அப் அதைத்தான் எடுத்துவரும். நாம் கொடுக்க வேண்டிய பணமும் நமக்கு வர வேண்டிய பணமும் ஒன்றாகக் கூடிவிடும். அதனால் நிலுவைக்கு, டெபிட்டும் கிரெடிட்டும் தனித்தனி காலத்தில் வரும் டிரையல் பேலன்ஸை (எல்லாக் கணக்குகளின் இருப்புப் பட்டியல்) லெட்ஜர் வாரியாக, அதாவது ஒவ்வொரு கணக்காக எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். இங்கே லெட்ஜர் பெயரால்தான் தேட வேண்டியிருக்கும் என்பதால், பெயரின் பின்னால் ஒட்டியிருக்கும் இடைவெளியை ட்ரிம் போட்டு நீக்குங்கள். இணையப் பக்கத்திலிருந்து காப்பி செய்த பெயர் அதன்பிறகும் பொருந்தவில்லையா? அதில் ட்ரிம் தொடாத 160-ம் எண் எழுத்து இருக்கக்கூடும். சப்ஸ்டிட்யூட் ஃபார்முலாவால் அதைச் சாதாரண இடைவெளியாக மாற்றிவிட்டு ட்ரிம் போடுங்கள்.

எக்செல் 2021 அல்லது 365 இருந்தால் வி-லுக்அப்புக்குப் பதிலாக வந்த எக்ஸ்லுக்அப் நல்லது: தானாகவே சரியான பொருத்தம் மட்டும் தேடும், நடுவே காலம் சேர்த்தாலும் குழம்பாது.

தேடியது கிடைக்காத இடத்தில், எந்தப் பிழையையும் மறைக்கும் இஃப்எரர் போட்டு 0 காட்டுவது மிக மோசமான பழக்கம். விடுபட்ட பில்லும் பூஜ்யத் தொகையும் ஒன்றுபோலத் தெரியும். கிடைக்காததை மட்டும் பிடிக்கும் இஃப்என்ஏ-வில் 'இல்லை' என்று எழுத வையுங்கள். பிறகு, லுக்அப் கொண்டுவந்த தொகைகளின் கூட்டலோடு எதிர்ஷீட்டில் பொருந்தாமல் நின்ற பில்களையும் சேர்த்தால், அந்த ஷீட்டின் மொத்தம் பைசா சுத்தமாக வருகிறதா என்று பாருங்கள்.