வளவில் படம் போட

காரைக்குடியில் எங்கள் திரைப்படச் சங்கம் ஒரு பழைய வீட்டு வளவில், அதாவது நடு முற்றத்தில்தான் படம் போடுகிறது. உங்கள் ஊரிலும் செய்யலாம்.

முதலில் படம். வெளியாகி 60 ஆண்டு கடந்த படங்களுக்கு இந்தியாவில் பதிப்புரிமை முடிந்திருக்கும். புதிய படமென்றால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நான் முதலில் சொல்வது 1947இல் வந்த 'நாம் இருவர்'. ஏவிஎம் ஸ்டுடியோ காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள தேவகோட்டை ரஸ்தாவில் இருந்தபோது எடுத்தது, நம் மண்ணில் பிறந்த படம்!

செட்டிநாட்டுச் சுவர் கண்ணாடி மாதிரி பளபளக்கும். அதில் நேராகப் படம் காட்டினால் வெளிச்சம் தெறித்து கண் கூசும். தடித்த வெள்ளைத் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். வளவு திறந்தவெளி என்பதால் நன்றாக இருட்டிய பிறகே, ஏழு மணிக்கு மேல், தொடங்குங்கள்.

பெரிய தொல்லை எதிரொலிதான். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லும் வழவழப்பான சுவரும் வசனத்தைக் குழப்பிவிடும். தரை முழுக்க ஜமக்காளம் விரியுங்கள். ஒலிபெருக்கியைத் திரைக்குப் பக்கத்திலேயே, காது உயரத்தில் வையுங்கள். அப்புறம், சத்தத்தைக் குறைத்து வைத்தால்தான் பேச்சு தெளிவாகக் கேட்கும்.

ஆச்சிமாருக்கு நாற்காலி கட்டாயம், பட்டாலை என்னும் உயர்ந்த திண்ணைப் பக்கமாக. ஒருமுறை மின்சாரம் போய்ப் பாதிப் படத்தோடு எல்லோரும் எழுந்து போனார்கள், அன்று மனசு ரொம்ப வலித்தது. இப்போது இன்வெர்ட்டர் இல்லாமல் தொடங்குவதே இல்லை.

படம் முடிந்ததும் விளக்கைப் பட்டென்று போடாதீர்கள். தேன்குழலும் காபியும் வரட்டும். வயதில் மூத்தவரிடம் முதலில் கேளுங்கள்: "இதை அப்போது எந்தக் கொட்டகையில் பார்த்தீர்கள், ஆச்சி?"