பிக்கப்பை ஏத்துறதுக்கு முன்னாடி: சஸ்பென்ஷனில் காசைக் கரைக்கும் தவறுகள்

“எத்தனை இன்ச் ஏத்தலாம்?” வி-கிராஸோ, ஹைலக்ஸோ, பொலேரோ கேம்பரோ வாங்கி அதை ஆஃப்ரோடு வண்டியாக்க நினைக்கிறவர் பட்டறைக்குள் நுழைந்ததும் கேட்பது இதைத்தான். தப்பு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. உயரம் கடைசியில் வந்து சேர வேண்டிய கணக்கு. வண்டியின் எடை எவ்வளவு, எந்த அளவு டயர், சக்கரம் மேலும் கீழும் எவ்வளவு தூரம் போய்வர வேண்டும், இந்த மூன்றும் தெரிந்தால் உயரம் தானாகக் கிடைக்கும். உயரத்தை முதலில் முடிவு செய்துவிட்டு மற்றதையெல்லாம் அதற்கேற்ப வளைத்தால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும், சிறுமலைக் கொண்டை ஊசி வளைவில் வண்டி சாயும்போதுதான் வயிற்றைக் கலக்கும்.

எடையை யாரும் அளப்பதே இல்லை, அதுதான் ஆச்சரியம். இரும்பு பம்பர், வின்ச், மேலே கேரியர், இரண்டாவது பேட்டரி, பின்னால் டூல் பெட்டி, ஸ்டெப்னி ஸ்டாண்டு என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே போவோம். ஆனால் ஸ்பிரிங்கை மட்டும் ஆரம்பத்திலேயே, அதுவும் ‘ஸ்ட்ராங்கா இருக்கட்டும்’ என்று கடையில் இருப்பதிலேயே கனமானதைப் பார்த்து வாங்கியிருப்போம். ஓல்டு மேன் எமு மாதிரி கம்பெனிகள் ஒரே வண்டிக்கே எடைக்குத் தகுந்தபடி வெவ்வேறு ஸ்பிரிங் விற்பது சும்மா இல்லை. பின்னால் எப்போதும் 300 கிலோ இருக்கும் வண்டிக்கான ஸ்பிரிங்கைக் காலி வண்டியில் மாட்டினால், திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் காட்டுப் பாதையில் பின்பக்கம் குதித்துக்கொண்டே வரும். குதிக்கிற டயருக்குப் பிடிமானம் கிடையாது.

வழி எளிது. டீசல் டேங்க்கை நிரப்பி, வழக்கமாகக் கூட வரும் ஆட்களை உட்கார வைத்து, லாரி எடை போடும் எடைமேடைக்கு ஓட்டிப் போங்கள். முதலில் முழு வண்டி, அப்புறம் முன்சக்கரம் மட்டும் மேடையில், அப்புறம் பின்சக்கரம் மட்டும். மூன்று சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பத்து கிலோ முன்னே பின்னே காட்டினாலும் பரவாயில்லை. ஸ்பிரிங் விற்கிறவரிடம் பேசும்போது அந்தச் சீட்டு கையில் இருந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

பின்னால் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) உள்ள வண்டிக்கு நம் ஊர்ப் பட்டறைகள் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: ‘இன்னொரு பட்டை சேத்துக் கட்டிருவோம்.’ சரக்கு ஏற்றும் வண்டிக்கு அது சரி, அவர்கள் கைப்பழக்கமும் அதில்தான். ஆனால் பட்டை கூடக்கூடக் கட்டு விறைக்கும். பாறையில் ஒரு சக்கரம் ஏறும்போது மறு சக்கரம் கீழே தொங்கித் தரையைத் தொடாது, காற்றில் சுற்றும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், கமான் கட்டோடுதான் அந்தக் கல் பாதையில் ஏறி இறங்குகின்றன. வண்டி நிறைய ஆள் இருப்பதால் கட்டு அமுங்கி வேலை செய்கிறது, ஓட்டுநரும் எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை வைப்பது என்று தெரிந்து ஊர்ந்து போகிறார். அந்த எடையை இறக்கிவிட்டால் கதை வேறு.

கமான் கட்டை மாற்றும்போது, அதை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் பழைய யூ போல்ட்டையே திரும்ப மாட்டச் சொல்லாதீர்கள். ஒரு தடவை முறுக்கி இழுபட்ட போல்ட் அது, புதிதின் விலையோ கட்டு விலையில் ஒரு மூலைக்கு வராது. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்க வேண்டும். அச்சுக்கும் கட்டுக்கும் நடுவே வைக்கிற பிளாக் பின்னால் ஓரளவு ஒத்துக்கொள்ளலாம், முன் அச்சில் வேண்டவே வேண்டாம். நீளமான ஷேக்கிள் (கமான் கட்டின் நுனியைச் சேசிஸோடு இணைக்கும் இரும்புத் துண்டு) போட்டு ஏற்றலாம் என்பவர்களுக்கு ஒரு கணக்கு: ஷேக்கிள் இரண்டு இன்ச் நீண்டால் வண்டி ஏறுவது சுமார் ஒரு இன்ச்தான், கூடவே அச்சும் திரும்பும்.

ஷாக் அப்சார்பரில் நடக்கும் தவறுதான் அதிகச் செலவு வைப்பது. வண்டி இரண்டு இன்ச் ஏறியது, ஆகவே ஷாக்கும் இரண்டு இன்ச் நீளம் என்று வாங்கிவிடுகிறார்கள். நீள ஷாக் அமுங்கினாலும் நீளமாகத்தான் இருக்கும். பள்ளத்தில் விழும்போது பம்ப் ஸ்டாப் (அச்சு சேசிஸில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) முட்டுவதற்கு முன்னால் ஷாக்கே முட்டிவிட்டால், மொத்த எடையும் அதன் மேல் இறங்கி, உள்ளே இருக்கிற வால்வோ மேலே பிடித்திருக்கிற பிராக்கெட்டோ போய்விடும். வாங்கும் முன் அளந்து பாருங்கள். சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டு, பம்ப் ஸ்டாப் முழுக்க நசுங்கும் இடம் வரை அச்சை ஜாக்கியால் தூக்குங்கள். மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடைவெளியை டேப்பில் எடுங்கள். அடுத்து அச்சை மெதுவாக இறக்கி, பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடாத எல்லை வரை விட்டு மறுபடி அளங்கள். அமுங்கிய ஷாக் முதல் அளவை விடச் சின்னதாகவும், நீண்ட ஷாக் இரண்டாவது அளவுக்குள்ளும் இருக்க வேண்டும். முன்பக்கம் இதையே ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்தும் பார்க்க வேண்டும். அரை நாள் வேலை, பட்டறைக்காரர் முணுமுணுப்பார், இருக்கட்டும்.

தனி ரிசர்வாயர் (எண்ணெய்க் கலன்) வைத்த ஷாக் கண்ணுக்கு அழகு. வேகமாக நெடுந்தூரம் அதிர்ந்துகொண்டே ஓடி எண்ணெய் சூடேறும் இடத்துக்கு அது தேவை. கண்மாய்க் கரையிலும் மலைப் பாதையிலும் முதல் கியரில் ஊர்பவருக்கு அந்தச் சூடே வராது. குழாய்க்குள் குழாய் வைத்த நல்ல ட்வின் ட்யூப் ஷாக் போதும். கல் அடித்து வெளிக்குழாய் கொஞ்சம் நசுங்கினாலும் அது ஓடும், ஒற்றைக் குழாயுள்ள மோனோட்யூபில் குழாய் நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். ஆனால் கனமான ஸ்பிரிங் போட்டுவிட்டுக் கம்பெனி ஷாக்கையே வைத்திருப்பதும் சரியில்லை, ஸ்பிரிங் திரும்பி எழும்பும் வேகத்தை அதனால் அடக்க முடியாது.

வி-கிராஸ், ஹைலக்ஸ், புதிய தார் ஆகியவற்றில் முன்பக்கம் டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரமும் மேலும் கீழும் இரண்டு ஆர்மில் தனித்தனியாக ஆடும் அமைப்பு. இரண்டு இன்ச்சுக்கு மேல் ஏற்றினால் சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸில் ஷாஃப்ட்டின் மூட்டான சிவி ஜாயின்ட்டில் கோணம் அதிகமாகி முதலில் அதன் ரப்பர் உறையான பூட் கிழியும், பிறகு ஜாயின்ட் போகும். மேல் ஆர்மை மாற்றுவது, டிஃப்ரன்ஷியலை இறக்குவது என்று செலவு தொடரும். ஜிம்னி, பழைய குர்கா மாதிரி முன்னாலும் முழு அச்சுள்ள வண்டிகளில் வேறு தலைவலி. காஸ்டர் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்து, நான்கு வழிச் சாலையில் ஸ்டீயரிங் அங்கும் இங்கும் அலையும், அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பான்ஹார்டு ராடு அதை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். காஸ்டர் சரிசெய்யும் புஷ்ஷும் நீளம் மாற்றக்கூடிய ராடும் சேர்த்துத்தான் அந்த லிஃப்ட்டின் விலை.

பல பிக்கப்புகளில், பின்னால் இருக்கும் எடையைப் பார்த்துப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று அச்சோடு இணைந்திருக்கும். வண்டியை ஏற்றினால் அது காலி வண்டி என்றே நினைத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பட்டறையில் இதைக் கேட்காமல் வராதீர்கள்.

அப்புறம் ஆர்ம் முனையில் இருக்கும் ரப்பர் புஷ். சக்கரம் தொங்கும் நிலையிலேயே ஆர்ம் போல்ட்டை முழுக்க முறுக்கிவிடுவார்கள். வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் அப்போதே முறுக்கேறி நிற்கும், சீக்கிரமே கிழியும். போல்ட்டைச் சும்மா பிடிக்க மட்டும் விட்டு, வண்டியை இறக்கி, இரண்டு தடவை அமுக்கி ஆட்டிவிட்ட பிறகே கடைசி முறுக்கு.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்சி விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும் அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. ஆகவே வேலைக்கு முன்பே ஆர்டிஓ-விலும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள். மேகமலைப் பக்கம் 2021 முதல் புலிகள் காப்பகம், எவ்வளவு நல்ல சஸ்பென்ஷன் போட்டாலும் அங்கே பாதையை விட்டு இறங்க முடியாது. கழற்றிய கம்பெனி ஸ்பிரிங், ஷாக்கை மட்டும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் அதைத்தான் கேட்பார்.