படுக்கைப் புண் ஆற என்ன கொடுப்பது: கஞ்சித் தண்ணியோடு நிறுத்தாதீர்கள்

வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாகிவிட்டால் நம்ம திருநெல்வேலிப் பக்கம் முதலில் அடுப்பில் ஏறுவது கஞ்சி. வயிற்றுக்கு லேசாக இருக்கும், பெட்டும் அடிக்கடி நனையாது என்று ஒரு கணக்கு. முதுகுக்குக் கீழே, வால் எலும்புப் பக்கம் தோல் சிவந்து புண்ணாகத் தொடங்கியதும் பத்தியமும் சேர்ந்துகொள்ளும்: மீன் ஆகாது, முட்டை சூடு, பருப்பு போட்டால் சீழ் வைக்கும். புண் ஆறாமல் இழுப்பதற்குப் பல வீடுகளில் இந்தச் சாப்பாடும் ஒரு காரணம். சீழ் பிடிப்பது கிருமியால், முட்டையால் அல்ல. புது சதை வளரப் புரதம் வேண்டும். புண்ணிலிருந்து வடிகிற நீரோடும் புரதம் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. ஒரு டம்ளர் வடிகஞ்சியில் 2 கிராம் புரதம்கூடத் தேறாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காமல், என்ன ஊட்டினாலும் புண் ஆறாது. அழுத்தம் குறைய வேண்டும், ஆகாரமும் சேர வேண்டும்.

எவ்வளவு தேவை? உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு நாளைக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம், 30 முதல் 35 கலோரி. 50 கிலோ இருக்கும் ஆச்சிக்கு 63 முதல் 75 கிராம் புரதம், 1500 முதல் 1750 கலோரி. கலோரி குறைந்தால் உடம்பு புரதத்தையே எரித்துவிடும். அதனால் சோறு, எண்ணெய், தேங்காயையும் வெட்டக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

கணக்குக்கு இவை போதும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். ஒரு டம்ளர் (200 மில்லி) பால் 6 முதல் 7. பொரிகடலை, உளுந்து, துவரம்பருப்பு எதுவானாலும் வேகவைக்கும் முன் 100 கிராம் எடுத்தால் 20க்கு மேல். முள் நீக்கிய மீன் 100 கிராமில் 18 முதல் 20. இட்லி ஒன்றுக்கு 2 கிராம்தான். இரண்டு இட்லியும் சட்னியும் கொடுத்து நல்லா சாப்பிட்டாங்க என்று நிம்மதிப்படுவது கணக்கில் ஏமாறுவது.

50 கிலோ எடைக்கு ஒரு நாள் இப்படிப் போகலாம்: காலை எழுந்ததும் ஒரு டம்ளர் பாலில் 2 மேசைக்கரண்டி கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கலந்து. எட்டரைக்கு 2 இட்லி, பருப்பு தூக்கலாகப் போட்ட சாம்பார், ஒரு அவித்த முட்டை. பதினொரு மணிக்கு உளுந்தங்கஞ்சி. மதியம் ஒரு கப் குழைந்த சோறு, 75 கிராம் மீன் அல்லது கோழி, முருங்கைக்கீரைப் பருப்பு, கொஞ்சம் தயிர். நாலு மணிக்கு 25 கிராம் பொரிகடலை மாவு, பழத்தோடு பிசைந்து. இரவு இட்லியும் ஒரு முட்டையும், படுக்கும் முன் முக்கால் டம்ளர் பால். மொத்தம் 70 கிராமைத் தாண்டும். சைவமென்றால் முட்டை, மீனுக்குப் பதில் பருப்பு, பனீர், மீல்மேக்கர். மீல்மேக்கரை ஊறவைத்துப் பிழிந்து மிக்சியில் அடித்துக் குருமாவில் கலந்தால் கண்ணுக்கே தெரியாது. மீனில் சாளை சத்தானதுதான், ஆனால் முள். படுத்திருப்பவருக்குச் சீலா, பாறை மாதிரி நடுமுள் மீனாக எடுத்து, விரலால் உதிர்த்துத் தடவிப் பார்த்த பிறகே ஊட்டுங்கள். கருவாட்டில் உப்பு அதிகம். ரத்த அழுத்தம், கால் வீக்கம் இருந்தால் விட்டுவிடலாம்.

வயதுக்கு வந்த பிள்ளைக்கு இடுப்புக்குப் பலம் என்று உளுந்தங்களி கிண்டிக் கொடுக்கிற ஊர் இது. அதே உளுந்து படுத்திருக்கும் தாத்தாவுக்கு ஏனோ யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. ஒரு டம்ளர் கஞ்சிக்கு: தொலி உளுந்து (கருப்புத் தோலோடு உள்ளது) 30 கிராம், பச்சரிசி ஒரு மேசைக்கரண்டி, வெந்தயம் கால் டீஸ்பூன், பூண்டு 4 பல். உளுந்தை லேசாக வறுத்து, ஒன்றரை டம்ளர் தண்ணீரில் குக்கரில் 5 விசில் விட்டு, மத்தால் நன்றாக மசிக்க வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பால், கரைத்து வடிகட்டிய கருப்பட்டி சேர்த்து இறக்கவும். சர்க்கரை நோய் உள்ளவருக்குக் கருப்பட்டி வேண்டாம், உப்பு போடுங்கள். கருப்பட்டியும் ரத்தச் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். கரண்டியைச் சாய்த்தால் தோசை மாவு போல மெதுவாக விழ வேண்டும். அதைவிடத் தண்ணியாக இருந்தால் வயிறு நிறையும், சத்து சேராது. பக்கவாதம் வந்தவருக்குப் புரையும் ஏறும்.

ஊட்டும்போது தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்துங்கள். அதற்கு முன் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைக்காவிட்டால் ஆள் மெல்ல மெல்லக் கீழே சறுக்குவார். வால் எலும்புத் தோல் உராய்ந்து புண் பெரிதாகும். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து 30 டிகிரிக்கு இறக்கிவிடலாம். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தால் நல்ல பக்கத்தில் ஊட்டுங்கள். விழுங்கியதும் இருமலோ, தொண்டையில் களகளவென்று சத்தமோ வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

"வேண்டாம்" என்று முகத்தைத் திருப்பினால் முதலில் வாய்க்குள் பாருங்கள். வெள்ளைப் படலம், ஆடும் பல், இறுகாத பல்செட்: பாதி மறுப்பு அங்கேதான் இருக்கும். அளவைக் குறைத்து ஆறு தடவையாகக் கொடுங்கள். புரதத்தை ஒரே நாளில் ஏற்றாமல் நாலைந்து நாளில் கூட்டுங்கள். திடீரென்று பால் அதிகமானால் சிலருக்கு வயிற்றால் போகும், ஈரம் தங்கிப் புண் மோசமாகும்.

பெட் நனையும் என்று தண்ணீரைக் குறைப்பது பல வீட்டில் நடக்கிறது. தோல் வறண்டு எளிதில் கிழியும், சிறுநீர் அடர்த்தியாகித் தோலை எரிக்கும், மலமும் இறுகும். கிலோவுக்கு 30 மில்லி, அதாவது 50 கிலோவுக்கு ஒன்றரை லிட்டர். அக்னி நட்சத்திரத்திலும், புண்ணில் நீர் அதிகம் வடிந்தாலும் இன்னும் கொஞ்சம். மோரும் கணக்கில் சேரும். இதயம், சிறுநீரகம் பலவீனமானவருக்கு டாக்டர் சொன்ன அளவுதான். இளநீரும் டாக்டரைக் கேட்டே.

புண் ஆற உதவும் வைட்டமின் சிக்கு ஒரு கொய்யா போதும், அல்லது ஒரு பெரிய நெல்லிக்காய். புளியங்குடி எலுமிச்சை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பருப்பை இறக்கிய பிறகு பிழியுங்கள், கொதிக்கும்போது பிழிந்தால் சத்து வீணாகும். துத்தநாகம் (ஜிங்க்) எள், முட்டை, இறைச்சியில் கிடைக்கும். எள்ளுத் துவையல் நல்ல வழி. துத்தநாக மாத்திரையைத் தாமாக மாதக்கணக்கில் கொடுக்காதீர்கள், உடம்பில் தாமிரம் குறைந்துவிடும். கடையில் வாங்கும் சத்துமாவு டப்பாக்கள் பலவற்றில் சர்க்கரை அதிகமாக இருக்கும். 100 கிராமில் எத்தனை கிராம் புரதம் என்று பின்பக்கம் படித்துவிட்டு வாங்குங்கள்.

சர்க்கரை நோயாளிக்குப் பயந்து பட்டினி போட வேண்டாம். சாப்பாடு இறங்கட்டும், இன்சுலின் அளவை டாக்டர் மாற்றுவார். சர்க்கரை ஏறியே இருந்தால் புண் ஆறாது.

எடை பார்க்க முடியாதவருக்குத் தையல் டேப்பால் மேல்கையின் நடுப்பகுதியை மாதம் ஒருமுறை அளந்து எழுதிவையுங்கள். 23.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் உடம்பு மெலிந்துவிட்டது என்று பொருள். இரண்டு வாரமாகியும் புண் சிறிதாகாவிட்டால், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் செவிலியரிடம் அந்தக் குறிப்பைக் காட்டுங்கள். காய்ச்சல், நாற்றம், கருத்த சதை, எலும்பு தெரிவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.