ஸ்வீடிஷ் பேசும்போது ஆங்கிலம் செய்யும் குழப்பங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்வீடிஷ் படிக்க விரும்பும் தமிழர் அநேகமாக ஆங்கிலத்தின் வழியாகத்தான் அதற்குள் நுழைகிறார். டுயோலிங்கோ செயலியைத் திறந்தாலும் சரி, இலக்கணப் புத்தகம் ஒன்றை வாங்கினாலும் சரி, விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். இரண்டும் ஜெர்மானியக் குடும்பத்து மொழிகள் என்பதால் ஆரம்பம் சுகமாகவே போகும். ஹூஸ் என்றால் வீடு, கட் என்றால் பூனை, பூக் என்றால் புத்தகம். அப்புறம்தான் தொல்லை. ஆங்கிலத்தில் யோசித்து ஸ்வீடிஷில் பேசுவதால் வரும் தவறுகள்தான் அதிகம். ஒன்றிரண்டில் தமிழும் காலை வாரிவிடும். ஆனால் தமிழ் கைகொடுக்கும் இடங்களும் இருக்கின்றன. அவற்றைப் புத்தகங்கள் சொல்வதில்லை. (சொற்களின் ஒலியை இங்கே ஏறக்குறையத்தான் எழுத முடியும்.)

வினைச்சொல்லின் இடத்திலிருந்து தொடங்கலாம். ஸ்வீடிஷில் சாதாரணமாக ஒரு செய்தியைச் சொல்லும் வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தை விட்டு நகராது. 'நான் வேலை செய்கிறேன்' என்பது 'யா அர்பேட்டர்'. முன்னால் 'இன்று' சேர்த்தால், ஆங்கிலப் பழக்கத்தில் 'இடாக் யா அர்பேட்டர்' என்று வாயில் வரும். அது தவறு. முதல் இடத்தை 'இன்று' பிடித்துக்கொண்டதால் 'நான்' வினைக்குப் பின்னால் போக வேண்டும்: 'இடாக் அர்பேட்டர் யா'. இரண்டாம் இடம் என்றால் இரண்டாவது சொல் என்று பொருளல்ல. 'நான் வீட்டுக்கு வந்ததும்' என்பது போல ஒரு துணைவாக்கியமே முழுதாக முதல் இடத்தில் உட்காரலாம். அது முடிந்ததும் வினை, அதன் பிறகு ஆள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று 'இன்டெ', அதாவது எதிர்மறைச் சொல். 'அவன் வரவில்லை' என்பது 'ஹன் கொம்மர் இன்டெ'. ஆனால் 'அவன் வரவில்லை என்று எனக்குத் தெரியும்' என்னும்போது, துணைவாக்கியத்துக்குள் 'இன்டெ' வினைக்கு முன்னால் குதித்துவிடும்: 'அட் ஹன் இன்டெ கொம்மர்'. இந்த விதியை 'பிஃப்' என்ற எழுத்துச் சுருக்கத்தால் ஆசிரியர்கள் நினைவில் நிறுத்துகிறார்கள். ஸ்வீடிஷில் பிஃப் என்றால் மாட்டிறைச்சித் துண்டு. எளிதில் மறக்காது.

தமிழருக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி 'சின்'. ஆங்கிலக்காரர்கள் இதில்தான் திணறுகிறார்கள். 'அவன் தன் மனைவியை நேசிக்கிறான்', 'அவன் அவனுடைய மனைவியை நேசிக்கிறான்' என்ற இரண்டையும் ஆங்கிலம் ஒரே வாக்கியமாகத்தான் சொல்லும். ஸ்வீடிஷில் முதலாவதுக்கு 'சின்', இரண்டாவதுக்கு 'ஹன்ஸ்'. 'ஹன்ஸ்' போட்டால் அடுத்தவன் மனைவி என்று ஆகிவிடும். விருந்தில் சொல்லிப் பார்க்க வேண்டிய வாக்கியம் அல்ல. நமக்குத் 'தன்' வரும் இடத்தில் 'சின்' போட்டால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பெரும்பாலும்தான், ஏனென்றால் 'தன் மனைவி வருவாள் என்று அவன் சொன்னான்' என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோம். ஸ்வீடிஷில் அந்த இடத்தில் 'சின்' வராது, 'ஹன்ஸ்'தான். காரணம், 'வருவாள்' என்ற வினைக்கு அந்த மனைவிதான் எழுவாய். எழுவாய்க்குள் 'சின்' நுழையக் கூடாது.

பெயர்ச்சொல்லில் 'என்' வகை, 'எட்' வகை என்று இரண்டு பால். ஏறக்குறைய முக்கால்வாசிச் சொற்கள் 'என்' வகை என்பதால் தெரியாத இடத்தில் 'என்' என்று அடித்துவிடலாம், தப்பில்லை. குறிப்பிட்ட ஒன்றைச் சுட்ட ஆங்கிலம் முன்னால் தனிச் சொல் வைக்கும். ஸ்வீடிஷ் சொல்லின் வாலில் ஒட்டும். பீல் என்றால் கார், பீலென் என்றால் அந்தக் கார். நடுவில் 'பெரிய' வந்தால் முன்னாலும் ஒன்று, பின்னாலும் ஒன்று: 'டென் ஸ்டூரா பீலென்'. ஆங்கிலப் பழக்கத்தில் வாலை வெட்டிவிடாதீர்கள்.

'நினைக்கிறேன்' என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரே சொல் போதும். ஸ்வீடிஷில் மூன்று வேண்டும். படம் பார்த்துவிட்டு நன்றாக இருந்தது என்று அபிப்பிராயம் சொன்னால் 'டிக்கர்'. பார்க்காமலேயே நன்றாக இருக்கும் என்று ஊகித்தால் 'ட்ரூர்'. நாளை மழை வரும் என்பதற்கும் 'ட்ரூர்'தான், நாளையை இன்னும் யாரும் பார்க்கவில்லையே. 'டெங்கர்' மண்டைக்குள் ஓடும் யோசனை. அதன் பின்னால் இன்னொரு வினை வந்தால் உத்தேசம் என்ற பொருள் வந்துவிடும். 'ஊருக்குப் போகலாம்னு இருக்கேன்' என்கிறோமே, அந்த 'இருக்கேன்'தான் 'டெங்கர்'.

தமிழும் சேர்ந்து கெடுப்பது 'தெரியும்' என்பதில். செய்தி தெரிந்தால் 'வேட்', ஆளைத் தெரிந்தால் 'ஷென்னர்', மொழியோ நீச்சலோ தெரிந்தால் 'கன்'. 'எனக்கு ஸ்வீடிஷ் தெரியும்' என்பது 'யா கன் ஸ்வென்ஸ்கா'. 'போகிறேன்' என்பதும் அப்படியே. 'கோர்' என்றால் பொதுவாக நடந்து போவது, வண்டியில் போனால் 'ஓக்கர்'. ஸ்டாக்ஹோமிலிருந்து மால்மோவுக்கு 'கோர்' என்று சொன்னால் கேட்பவர் மனத்தில் சுமார் 600 கிலோமீட்டர் நடைப்பயணம் ஓடும்.

'பசிக்கலையா?' என்ற கேள்விக்குப் பசிக்காதவர் தமிழில் 'ஆமா, பசிக்கல' என்று சொல்வார். ஸ்வீடிஷில் அங்கே 'யா' (இங்கே 'நான்' அல்ல, 'ஆமாம்') என்று ஆமோதித்தால் எதிரில் இருப்பவர் குழம்புவார். பசியில்லை என்றால் 'நெய்'. பசிக்கிறது என்று மறுத்துச் சொல்ல 'யூ' என்று தனிச் சொல்லே உண்டு. ஆங்கிலத்தில் இதற்கு ஈடில்லை, நம்மிடமும் இல்லை.

பார்க்க ஆங்கிலம் போலவே இருக்கும் சொற்கள் வேறு இருக்கின்றன. 'வில்' எதிர்காலம் அல்ல, விருப்பம். எதிர்காலத்துக்கு 'ஸ்கா' அல்லது 'கொம்மர் அட்'. 'ஷெஃப்' சமையல்காரர் அல்ல, மேலதிகாரி, சமைப்பவர் 'கொக்'. 'செமெஸ்டர்' என்றால் விடுமுறை. பொறியியல் கல்லூரியில் செமஸ்டர் எழுதிய தலைமுறைக்கு இது கொஞ்சம் வயிற்றெரிச்சல். சாப்பிட்டு முடித்ததும் 'யா ஏர் ஃபுல்' என்று சொல்லாதீர்கள், போதையில் இருக்கிறேன் என்று அர்த்தம். ஃபுல், குவார்ட்டர் தெரிந்த நம் ஊர்க்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். வயிறு நிறைந்தால் 'மெட்'.

அந்த 'ஃபுல்' என்பதையும் குறுக்கிச் சொல்ல வேண்டும். 'ஃபூல்' என்று நீட்டினால் அழகில்லாதவன். 'டக்' நன்றி, 'டாக்' கூரை. 'க்ளஸ்' ஐஸ்கிரீம், 'க்ளாஸ்' கண்ணாடித் தம்ளர். குறில் நெடில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை, ஆங்கிலம் வழியாகக் கேட்காமல் நேராகக் காதைக் கொடுத்தால்.

உறவுப் பெயர்களிலும் அப்படித்தான். தாய்வழிப் பாட்டி 'மூர்மூர்', அம்மாவின் அம்மா; தந்தைவழிப் பாட்டி 'ஃபார்மூர்', அப்பாவின் அம்மா. ஈழத்து அம்மம்மா, அப்பம்மாவின் கட்டுமானம் அச்சு அசலாக இதுதான். ஆங்கிலத்தின் பொதுப் பாட்டியை இங்கே இழுத்துவராதீர்கள்.

மரியாதை விஷயத்தில் மட்டும் தமிழ் மனம் சங்கடப்படும். ஸ்வீடிஷில் எல்லாரும் 'டூ', அதாவது நீ. பேராசிரியர், மருத்துவர், மேலதிகாரி யாரானாலும் அதுவே. 1967-இல் நாட்டின் மருத்துவ நிர்வாகத் துறைக்குத் தலைவராக வந்த ப்ரூர் ரெக்செட், ஊழியர்கள் அனைவரையும் 'டூ' என்றே அழைக்கப்போவதாக அறிவித்தது, எல்லாரும் 'டூ'வுக்கு மாறியதன் அடையாளமாகிவிட்டது. பலரைச் சேர்த்துக் கூப்பிட 'நீ' என்பார்கள் (ஆமாம், ஒலி நம் 'நீ' போலவேதான்). ஒருவரைப் பார்த்து மரியாதைக்காக அதைச் சொன்னால் முதியவர்கள் சிலருக்கு உரசும், பழைய காலத்தில் அது மேலிருந்து கீழ் நோக்கிப் பேசும் சொல்லாக இருந்ததால்.

கடைசியாக எழுத்து. ஆங்கிலம் இடம் விட்டு எழுதும் கூட்டுச்சொற்களை ஸ்வீடிஷ் சேர்த்தே எழுதும். 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தில் செய்தது, 'தந்த பலகை' யாரோ கொடுத்தது என்று நாம் ஒற்றை வைத்துப் பிரிப்பதை அவர்கள் இடைவெளியை வைத்துப் பிரிக்கிறார்கள். செவிலியரைக் குறிக்கும் சொல்லை நடுவில் உடைத்தால் நோயாளியான செவிலியர் ஆகிவிடுவார். புகையில்லா இடம் என்று பலகை வைக்கப்போய் 'ரெக் ஃப்ரிட்' என்று இடம் விட்டு எழுதினால், தாராளமாகப் புகைபிடியுங்கள் என்று பொருள்.