கல்லை உடைத்தாயிற்று, குழாயை எடுத்தீர்களா?

மேலூர் சித்தப்பாவுக்குக் கல்லடைப்பு. "காற்று மெஷினில் உடைத்துவிடலாம்" என்று டாக்டர் சொன்னதும் அவர் கேட்டது, "காத்தை உள்ள விட்டா வயிறு உப்பிராதா?" கிரானைட் குவாரியில் கம்ப்ரசர் வைத்துத் துளை போட்டவரே இப்படிக் கேட்டார்.

காற்று உடம்புக்குள் போவதே இல்லை. டாக்டர் கையில் இருக்கும் பிடிக்குள் அது ஒரு சின்ன உலோகக் குண்டைத் தள்ளும். குண்டு போய், பிடியிலிருந்து கல் வரை நீளும் கம்பியின் அடியில் மோதும், நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை. அம்மி கொத்துகிறவர் உளியை வைப்பது போல, கம்பியின் நுனி கல்லைத் தொட்டு நின்றால்தான் அடி இறங்கும். கல் சிக்கியிருக்கும் சிறுநீர்க்குழாயின் (கிட்னியிலிருந்து இறங்குவது) சுவர் நெகிழ்ந்து கொடுக்கும்; கல்லால் அது முடியாது, விரிசல் விடும். லேசர் மாதிரி சூடும் இல்லை.

வெளியிலிருந்து அதிர்வலை கொடுக்கும் சிகிச்சை வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு காலையில் நாலு இட்லியைச் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இது சிறுநீர்ப் பாதை வழியே ஸ்கோப் (உள்ளே பார்க்கும் கருவி) விட்டு, மயக்க மருந்து கொடுத்துச் செய்வது. வெறும் வயிறு வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அடிக்கிற வேகத்தில் கல் மேலே நழுவிக் கிட்னிக்கே போய்விடுவதும் உண்டு. கம்பி வளையாது, துரத்திப் போக முடியாது. அப்புறம் வளையும் ஸ்கோப்பில் லேசரோ, அதிர்வலையோதான். இதற்காக டாக்டரிடம் சண்டைக்குப் போகாமல், அப்படி ஆனால் என்ன செய்வார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் பெரிய தவறு ஸ்டென்ட்டை மறப்பதுதான். வீக்கத்தில் சிறுநீர் அடைபடாமலிருக்க உள்ளே வைக்கும் மெல்லிய குழாய் அது. பெரும்பாலும் சில வாரங்களில் எடுத்துவிடுவார்கள். சித்தப்பாவுக்குப் பங்குனியில் வைத்தார்கள். வலி போய்விட்டது, "சித்திரைத் திருவிழா முடியட்டும்" என்றார். அழகர் ஆற்றில் இறங்கி, மலைக்கும் திரும்பிவிட்டார். இவர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பவில்லை. ஆவணியில் சிறுநீரில் ரத்தம். குழாயின் சுருண்ட நுனியில் கல் படிந்து, அதை உடைக்க மறுபடியும் அதே மெஷின், மறுபடியும் மயக்கம். ஸ்டென்ட் இருக்கும்போது லேசான எரிச்சல் சகஜம். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஓட வேண்டும்.

உடைத்தெடுத்த துண்டுகளை லேபுக்குக் கொடுங்கள். கால்சியமா யூரிக் அமிலமா என்று தெரிந்தால்தான் சாப்பாட்டில் எதைக் குறைப்பது என்று சொல்ல முடியும். சித்தப்பா அதை மாத்திரைக் கவரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீக்கடையில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறார்.