அரபிக் கிழமைகளில் எங்கே தடுமாறுகிறோம்?

தமிழில் கிழமைகளுக்குக் கோள்களின் பெயர். அரபியில் ஞாயிறு முதல் வியாழன் வரை எண்கள்தான்: அஹத் ஒன்று, இஸ்னைன் இரண்டு, ஸுலாஸா மூன்று, அர்பிஆ நான்கு, கமீஸ் ஐந்து. வாரத்தைத் திங்களில் தொடங்கிப் பழகியவர்கள் கமீஸை வெள்ளி என்று எண்ணிவிடுவதுண்டு. விரலை ஞாயிற்றிலிருந்து மடக்குங்கள், சரியாக வரும்.

ஆனால் அந்த வரிசையை வெள்ளிக்கும் சனிக்கும் நீட்டாதீர்கள். வெள்ளியின் பெயரான ஜுமுஆ 'ஆறு' அல்ல. ஒன்றுகூடுதல் என்ற பொருளுள்ள வேரில் பிறந்த சொல். இஸ்லாத்துக்கு முன் அரபியர் அந்த நாளை அரூபா என்றார்கள். அப்போது ஞாயிறு அவ்வல், வியாழன் முஃனிஸ், சனி ஷியார். அந்தப் பழைய பெயர்கள் முழுவதுமாக வழக்கொழிந்துவிட்டன.

சனியின் பெயரான ஸப்த் என்றால் ஏழு என்று சொல்வதும் பிழை. ஏழு என்பது ஸப்ஆ. காதுக்கு நெருக்கமாக இருந்தாலும் வேர் வேறு. ஸப்த், யூதர்களின் ஓய்வுநாளான ஷப்பாத்தோடு உறவுள்ள சொல். ஏழிலிருந்து வந்தது உஸ்பூஃ, அதாவது வாரம்.

பெரிய குழப்பம் இரவில்தான். இஸ்லாமிய நாள்கணக்கில் சூரியன் மறைந்ததும் அடுத்த நாள் பிறந்துவிடுகிறது. இரவு முதலில், பகல் பிறகு. ஆகவே 'லைலத்துல் ஜுமுஆ' என்றால் நாம் வியாழன் ராத்திரி என்று சொல்லும் பொழுது. அதை வெள்ளி ராத்திரி என்று மொழிபெயர்த்தால், வாசிப்பவர் ஒரு நாள் முழுக்கத் தாமதமாக வந்து நிற்பார். தமிழ் முஸ்லிம்கள் இதற்கு அழகான வழி வைத்திருக்கிறார்கள். நோட்டீஸில் 'வியாழன் பின்னேரம் வெள்ளி இரவு' என்று இரண்டையும் சேர்த்தே போடுவார்கள். மொழிபெயர்ப்பவர்கள் இந்த வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அதே சமயம் இன்றைய அலுவலகப் பேச்சில் நள்ளிரவுக் கணக்கும் ஓடுகிறது. சந்தேகம் வந்தால் தேதியைக் கேட்டுவிடுவது நல்லது.

வார விடுமுறையையும் பெயரை வைத்து ஊகிக்க வேண்டாம். சவூதியில் 2013 வரை வியாழனும் வெள்ளியும் விடுமுறை, இப்போது வெள்ளியும் சனியும். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 முதல் அரசு அலுவலகங்களுக்குப் பொதுவாக வெள்ளி அரைநாள் வேலை, சனியும் ஞாயிறும் விடுமுறை.