வேதியியல் திருப்புதல்: மூன்று பிரிவுக்கும் ஒரே முறை வேண்டாம்

தேர்வு நெருங்கியதும் இயற்பியல், கனிம, கரிம வேதியியல் ஆகிய மூன்று பிரிவையும் ஒரே மாதிரி வாசித்துத் தள்ளுவது பலருக்குப் பழக்கம். பாதி உழைப்பு வீண்.

இயற்பியல் வேதியியலைக் கணக்குப் போட்டுத்தான் திருப்ப வேண்டும். 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். மதிப்பு (அமில, கார அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) என்ன? வாய்ப்பாட்டில் போட்டு 8 என்று எழுதினால் அமிலம் காரமாகிவிடும்! தண்ணீர் தரும் ஹைட்ரஜன் அயனிகளையும் சேர்த்தால் 25 டிகிரி செல்சியசில் 6.98 வரும். வாய்ப்பாடு எங்கே செல்லாது என்பது இப்படித்தான் பிடிபடும்.

கனிம வேதியியலில் விதிவிலக்குகளைப் பிடியுங்கள். ஆக்சிஜனைவிட நைட்ரஜனுக்கு முதல் அயனியாக்கும் ஆற்றல் (அணுவிலிருந்து முதல் எலக்ட்ரானை நீக்கத் தேவையான ஆற்றல்) அதிகம். நைட்ரஜனின் 2பி ஆர்பிட்டால்கள் (எலக்ட்ரான்கள் இருக்கும் இடங்கள்) சரிபாதி நிரம்பி நிலையாக இருப்பதே காரணம். சல்பரைவிடப் பாஸ்பரஸுக்கு அது ஏன் அதிகம் என்ற கேள்விக்கும் இதே மாதிரிக் காரணம்தான், அங்கே 3பி.

கரிம வேதியியலுக்குப் புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளை எடுங்கள். எத்தனாலைவிடப் பீனாலுக்கு ஏன் அமிலத்தன்மை அதிகம்? பீனால் ஹைட்ரஜன் அயனியை இழந்தால் வரும் பீனாக்சைடு அயனியின் உடனிசைவு வடிவங்களை (எலக்ட்ரான்கள் இடம் மாறிப் பரவுவதைக் காட்டும் வடிவங்களை) வரையுங்கள். எலக்ட்ரான் நகர்வைக் காட்டும் அம்புக்குறிகளையும் விடாதீர்கள், தவறு பெரும்பாலும் அங்கேதான் நடக்கும். எதிர்மின்சுமை வளையத்தில் ஆர்த்தோ (ஆக்சிஜன் இணைந்த கார்பனுக்கு அடுத்த), பாரா (அதற்கு நேரெதிர்) இடங்களுக்குப் பரவுவது கண்ணில் பட்டால், பாரா இடத்து நைட்ரோ தொகுதி அமிலத்தன்மையை மெட்டா (இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள) இடத்தில் இருப்பதைவிட ஏன் அதிகமாகக் கூட்டுகிறது என்பது தானாகவே விளங்கும்.